மறைவு சட்டத்தில், அவகாசம் அறிவுரையில்

ஒரு தொழிலாளியைப் பணியிலிருந்து நீக்க எண்ணும் முதலாளி, அதற்கான விசாரணை எதையும் தொடங்குமுன் அவரைத் தனியே அழைத்து, "இன்ன தொகை தருகிறோம், வழக்கிடும் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையொப்பமிட்டு விலகிக்கொள்ளுங்கள்" என்று சொல்லலாமா? சொன்னால், அச்சொல்லைத் தொழிலாளி பின்னாளில் தீர்ப்பாயத்தின்முன் வைக்கலாமா? இவ்விரு வினாக்களுக்கும் பிரிட்டன் 2013-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் சட்டத்தின் வழியே விடையளித்தது. முதல் வினாவுக்கு 'ஆம்' என்றது; இரண்டாவதற்குப் பெரும்பாலும் 'இல்லை' என்றது. 1996-ஆம் ஆண்டின் பணி உரிமைகள் சட்டத்தில் 111ஏ என்னும் பிரிவாக அவ்விடை சேர்க்கப்பட்டது. அதன் நிறை குறைகளை எடையிட்டுப் பார்க்க வேண்டிய காலம் இப்போது வந்திருக்கிறது. நியாயமற்ற பணிநீக்கத்துக்கு எதிரான காப்பு அந்நாட்டில் விரிவடையவிருக்கிறது. காப்பு விரியும்போது, அக்காப்பை விலைகொடுத்து வாங்கிக்கொள்ளும் மூடிய அறைப் பேச்சுகளும் பெருகும்.

நம் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிரியும் வேளையில் இரு தரப்பும் மறைவாகப் பேசிக்கொள்வது குற்றமன்று. அப்பேச்சுக்குச் சட்டம் ஓரளவு காப்பளிப்பதும் தவறன்று. ஆனால் அக்காப்பைக் கொடுத்த நாடாளுமன்றம், முதலாளிக்கு வேண்டிய மறைவைச் சட்டப் பிரிவாக எழுதியது. தொழிலாளிக்கு வேண்டிய அவகாசத்தையும் துணையையும் நெறிமுறை நூலின் அறிவுரையாக விட்டுவிட்டது. இந்தச் சமனின்மைதான் களையப்பட வேண்டியது.

இதன் முன்வரலாறு அறியத் தக்கது. 1972-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாளுக்கு முன்பு, உரிய முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ கொடுத்துவிட்டால், காரணம் எதுவும் கூறாமலே ஒருவரை வேலையிலிருந்து அனுப்பிவிட பிரிட்டனில் முதலாளிக்கு இயன்றது. பணி என்பது ஒப்பந்தம். ஒப்பந்தம் முடிந்தால் உறவும் முடிந்தது என்பதே பழைய நோக்கு. 1971-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம் இதை மாற்றியது. நீக்குவதற்கு நேர்மையான காரணம் வேண்டும், நீக்கும் முறையும் நேர்மையாக இருக்க வேண்டும் என்ற கோட்பாடு அதன்வழி நாட்டுச் சட்டமாயிற்று. அச்சட்டத்தைத் தொழிற்சங்கங்கள் முழுமூச்சுடன் எதிர்த்தன. 1974-இல் அது நீக்கவும்பட்டது. ஆயினும் நியாயமற்ற பணிநீக்கத்துக்கு எதிரான உரிமையை மட்டும் எந்த அரசும் கைவிடத் துணியவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது நிலைத்து நிற்கிறது.

உரிமை பிறந்ததும் அதை விட்டுக்கொடுக்கச் செய்யும் ஒப்பந்தங்களும் பிறக்கும் என்பதை அன்றைய சட்டம் அறிந்தே இருந்தது. ஆகவே, சட்டம் தந்த உரிமையை விலக்கும் எந்த உடன்பாடும் செல்லாது என்பதைப் பொது விதியாக்கியது. அவ்விதிக்கு நெடுநாள் இருந்த முதன்மையான விலக்கு, ஏகாஸ் என்னும் அரசுசார் சமரசப் பணியகத்தின் அலுவலர் முன்னிலையில் எட்டப்படும் உடன்பாடு. 1993-ஆம் ஆண்டில் மற்றொரு விலக்கு வந்தது. உடன்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். முதலாளியைச் சாராத, காப்பீடு பெற்ற ஆலோசகர் ஒருவர் அதன் பொருளையும் விளைவையும் தொழிலாளிக்கு விளக்கியிருக்க வேண்டும். அந்த ஆலோசகர் யார் என்பது உடன்பாட்டிலேயே குறிக்கப்பட வேண்டும். இந்நிபந்தனைகளுக்கு உட்பட்டால் தொழிலாளி தன் வழக்குரிமையைத் துறக்கலாம். சமரச ஒப்பந்தம் என்று அன்று வழங்கிய அதுவே, 2013 முதல் தீர்வு ஒப்பந்தம் எனப்படுகிறது.

ஒப்பந்தத்துக்கு வழி பிறந்தது. ஒப்பந்தத்துக்கு முந்திய பேச்சுக்கோ முழுக் காப்பு இல்லை. 'உரிமைக்குப் பாதகமின்றி' என்ற குறிப்புடன் நடக்கும் சமரசப் பேச்சைச் சான்றாக ஏற்கக் கூடாது என்ற பழைய நீதிமன்ற மரபு இருந்தது. ஆனால் அம்மரபுக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: பேச்சு நடக்கும்போதே இரு தரப்புக்குமிடையே உண்மையான பிணக்கு இருக்க வேண்டும். 2004-ஆம் ஆண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின்முன் வந்த வழக்கு இதைத் தெளிவாக்கியது. மகப்பேற்று விடுப்பிலிருந்து திரும்பிய பெண் ஊழியர் ஒருவர், தாம் நடத்தப்பட்ட விதம் குறித்து முறையீடு அளித்தார். அவரைக் கூட்டத்துக்கு அழைத்த நிறுவனம், 'உரிமைக்குப் பாதகமின்றி' என்று முன்னுரைத்துவிட்டு, பணம் பெற்று விலகிக்கொள்ளலாம் என்றது. முறையீடு அளித்ததாலேயே பிணக்கு எழுந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. ஆகவே அப்பேச்சைத் திரையிட்டு மறைக்க இயலாது என்று தீர்ப்பாயம் உரைத்தது. முதலாளிகள் தரப்புக்கு இத்தீர்ப்பு பெரும் உறுத்தலாக நின்றது.

அவ்வுறுத்தலைப் போக்கும் வாய்ப்பு, பழமைவாதிகளும் தாராள ஜனநாயகவாதிகளும் கூட்டணி ஆட்சி நடத்திய காலத்தில் வந்தது. பிரதமர் அலுவலகத்தின் வேண்டுகோளின்படி முதலீட்டாளர் ஏட்ரியன் பீக்ராஃப்ட் எழுதி, 2012-ஆம் ஆண்டு மே மாதம் வெளியான அறிக்கை, காரணம் எதுவும் காட்டாமல் இழப்பீடு மட்டும் கொடுத்து ஊழியரை நீக்க முதலாளிக்கு உரிமை வேண்டும் என்று பரிந்துரைத்தது. வணிக அமைச்சர் வின்ஸ் கேபிள் அதை வெளிப்படையாக எதிர்த்தார். அப்பரிந்துரை சட்டமாகவில்லை. அதற்கு மாறாக வந்தது, பணிநீக்கத்துக்கு முன் நடக்கும் பேச்சைக் காக்கும் 111ஏ பிரிவு. பிணக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், விலகுவதற்கான விதிகளைப் பற்றிய பேச்சும் விலைச்சொல்லும் சாதாரண நியாயமற்ற பணிநீக்க வழக்கில் சான்றாகா என்று அது கூறியது.

இப்பிரிவு நடைமுறைக்கு வந்த நாளை நாம் மறக்கலாகாது. 2013 ஜூலை 29 அன்று மூன்று மாற்றங்கள் ஒருசேர வந்தன. மூடிய அறைப் பேச்சுக்குச் சட்டக் காப்பு முதலாவது. தீர்ப்பாயத்தை அணுகக் கட்டணம் இரண்டாவது: நியாயமற்ற பணிநீக்க வழக்கொன்றை முழு விசாரணை வரை கொண்டுசெல்ல 1,200 பவுண்டு செலுத்த வேண்டியிருந்தது. இழப்பீட்டுக்கு 52 வார ஊதியம் என்ற புதிய உச்சவரம்பு மூன்றாவது. இவற்றோடு, வழக்கிடும் தகுதிக்கு வேண்டிய பணிக்காலம் 2012 ஏப்ரலிலேயே ஓராண்டிலிருந்து ஈராண்டாக உயர்த்தப்பட்டிருந்தது. ஆகவே, அந்த அறையில் அமர்ந்த தொழிலாளியின் நிலை இதுவாக இருந்தது: மேசைமேல் வைத்த தொகையை மறுத்தால், வேலையிழந்த கையோடு கட்டணம் கட்டி வழக்காட வேண்டும், வென்றாலும் கிடைப்பதற்கு வரம்புண்டு, அறைக்குள் கேட்டதைச் சொல்லவும் இயலாது. பேரம் என்பது இரு தரப்பும் விலகிச்செல்ல இயலும்போதே பேரம். விலகிச்செல்லும் வழியில் ஒருவருக்கு மட்டும் சுங்கச்சாவடி எழுப்பியபின், அதை உடன்பாடு என்று பெயரிட்டழைப்பது எளிது. நேர்மையென்று மெய்ப்பிப்பது அரிது.

பிறகு காலம் அவற்றுள் இரண்டைத் திருத்தியது. கட்டண முறையால் தீர்ப்பாயத்துக்கு வரும் வழக்குகள் பெருமளவில் சரிந்தன. யூனிசன் தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில், நீதியை அணுகும் உரிமையையே அது தடுக்கிறது என்று கூறி, 2017 ஜூலை 26 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என அறிவித்தது. இழப்பீட்டு உச்சவரம்பை நீக்க 2025-ஆம் ஆண்டின் பணி உரிமைகள் சட்டம் வழிசெய்திருக்கிறது. மூன்றில் எஞ்சி நிற்பது மூடிய அறை ஒன்றே.

மறுபக்க நியாயத்தையும் மறைக்காமல் சொல்வது கடமை. பணியிடப் பிரிவுகள் யாவும் அநீதிகள் அல்ல. ஆண்டுகள் பல உழைத்த ஒருவருக்கும் அவர்தம் பொறுப்புக்கும் இடையே பொருத்தம் குலைந்திருக்கலாம். திறன் குறைவைப் பற்றிய முறையான விசாரணை மாதக்கணக்கில் நீண்டு, இரு தரப்பையும் புண்படுத்தி, ஒருவரின் நற்பெயரைச் சக ஊழியர் நடுவே சிதைத்துவிடக்கூடும். அதற்கு முன்பே அமைதியாகப் பேசி, உரிய தொகையும் நற்சான்றுக் கடிதமும் பெற்று, மானத்தோடு வெளியேறுவதையே விரும்பும் ஊழியர்கள் உண்டு. இத்தகைய பேச்சைத் தொடங்கும் உரிமை ஊழியருக்கும் உள்ளது. பணியிழப்புக்கு ஈடாகத் தரப்படும் தொகையில் முதல் 30,000 பவுண்டுக்குப் பொதுவாக வருமான வரி இல்லை. தீர்ப்பாயத்தின் வாயிலில் நெடுங்காலம் காத்துக்கிடப்பதைவிட இது பலருக்கு நலம் பயக்கிறது. சொன்ன ஒவ்வொரு சொல்லும் நாளை தமக்கெதிராகத் திரும்பும் என்றால் எந்த முதலாளியும் மனம்விட்டுப் பேச மாட்டார் என்பதும் மெய்யே. தீர்வு ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் சாராத ஆலோசகரின் விளக்கம் கட்டாயம் என்ற விதியும் வலுவான அரண்.

ஆனால் அந்த அரண் நிற்பது கையொப்பத்தின் வாயிலில். தொழிலாளி நிலைகுலைவது அதற்கு நெடுமுன்பே. முன்னறிவிப்பின்றி அழைக்கப்பட்டு, "இது பதிவுக்கு வெளியே நடக்கும் பேச்சு" என்ற முதல் வாக்கியத்தைக் கேட்கும் கணத்தில் அவருக்கு ஆலோசகர் இல்லை, துணை இல்லை, என்ன பேசப்படவிருக்கிறது என்ற அறிவிப்பும் பெரும்பாலும் இல்லை. ஒழுங்கு நடவடிக்கை விசாரணைக்குச் செல்லும் ஊழியர், சக ஊழியர் ஒருவரையோ தொழிற்சங்க அலுவலரையோ உடன் அழைத்துச் செல்ல 1999-ஆம் ஆண்டின் சட்டம் உரிமை தந்திருக்கிறது. எச்சரிக்கைக் கடிதம் ஒன்றில் முடியக்கூடிய கூட்டத்துக்குத் துணை உண்டு. வாழ்வாதாரமே முடியக்கூடிய கூட்டத்துக்குத் துணை கேட்கும் சட்ட உரிமை இல்லை. துணையை அனுமதிப்பது நல்ல நடைமுறை என்று ஏகாஸ் நெறிமுறை சொல்கிறது; அவ்வளவே.

அவகாசத்தின் நிலையும் இதுவே. எழுத்தில் தரப்பட்ட ஒப்பந்த விதிகளை ஆராயவும் ஆலோசனை பெறவும் பொதுவாகக் குறைந்தது 10 நாட்கள் தர வேண்டும் என்று அந்நெறிமுறை கூறுகிறது. இரு தரப்பும் வேறு விதமாக ஒத்துக்கொண்டால் அதுவும் குறையலாம். நெறிமுறையை மீறியதனாலேயே முதலாளிமீது குற்றம் சாராது. தீர்ப்பாயம் அதைக் கருத்தில் கொள்ளலாம் என்பதே விளைவு. 2024-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வழங்கிய முடிவு, இதன் வலுவின்மையைக் காட்டிவிட்டது. நோய்விடுப்பிலிருந்து மீளும் ஒருவர், பணிக்குத் திரும்புவது பற்றிய கூட்டம் என்றெண்ணி வந்தார். அவருடைய பதவி ஆட்குறைப்புக்கு உள்ளாகக்கூடும் என்று அங்கே சொல்லப்பட்டது. வாய்மொழியாகக் கூறிய தொகையை ஏற்பதா என்று முடிவெடுக்க 48 மணி நேரம் தரப்பட்டது. 10 நாள் என்பது எழுத்திலான விதிகளுக்கே உரியது. வாய்மொழிப் பேச்சுக்கு அன்று என்று தீர்ப்பாயம் கருதியது. முறைகேடான அழுத்தம் நிகழவில்லை என்ற கீழ்த் தீர்ப்பாயத்தின் முடிவு நிலைத்தது. உள்ள நெறிமுறையைப் படித்தபடியே நீதிபதி தீர்ப்பளித்தார்; குறை அந்நெறிமுறையிலேயே இருக்கிறது. உண்மையான முடிவு மனத்தில் எடுக்கப்படுவது அந்த முதல் இரண்டு நாட்களில்தான். மனம் தளர்ந்து தலையசைத்தபின் எழுத்துக்குத் தரும் 10 நாள், எடுத்த முடிவைச் சடங்காக்கவே உதவுகிறது.

இதனினும் ஆழமான குறை ஒன்று உண்டு. பணிநீக்கம் நியாயமானதா என்று ஆராயும் தீர்ப்பாயம் கேட்கும் முதன்மையான வினாக்களுள் ஒன்று, முதலாளி திறந்த மனத்துடன் விசாரித்தாரா என்பது. விசாரணைக்கு முன்பே முடிவு எடுக்கப்பட்டிருந்தால் விசாரணை வெறும் வேடம். அப்படி முன்முடிவு எடுக்கப்பட்டதைக் காட்டும் தலைசிறந்த சான்று எது? விசாரணைக்கு முன்னர் மூடிய அறையில் சொல்லப்பட்ட சொற்களே. அச்சான்றைத்தான் சட்டம் திரையிடுகிறது. தொகையை மறுத்த ஊழியருக்கு எதிராக அடுத்த வாரமே திறனாய்வு தொடங்கி, மூன்று கூட்டங்கள் நடந்து, ஒழுங்கான கடிதங்களோடு பணிநீக்கம் முடிந்தால், தீர்ப்பாயத்தின் கண்ணுக்கு அக்கோப்பு குற்றமற்றதாகத் தோன்றும். கோப்பு திறக்கப்படுமுன்பே தீர்ப்பு எழுதப்பட்டது என்பதை அறிந்தவர் இருவர்; ஒருவர் சொல்ல மாட்டார், மற்றவர் சொல்லக் கூடாது.

இத்திரை எவ்வளவு அடர்த்தியானது என்பதை 2016-ஆம் ஆண்டின் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வரையறுத்தது. பேசப்பட்ட பொருள் மட்டுமன்று, பேச்சு நடந்தது என்ற செய்தியே மறைவுக்கு உட்பட்டது என்றது அது. நிறுவனத்துக்குள் மேலாளர்கள் அதுபற்றித் தமக்குள் நடத்திய கருத்துப் பரிமாற்றமும் அவ்வாறே. 'உரிமைக்குப் பாதகமின்றி' நடக்கும் பேச்சை இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் வெளியிடலாம். இப்பிரிவின் மறைவையோ இருவரும் சேர்ந்தும் துறக்க முடியாது என்றும் கூறியது. நம்பிக்கையைக் குலைக்கும்படி முதலாளி நடந்ததால் பதவி விலக நேர்ந்தது என்று வழக்கிடும் ஒருவர், அந்நம்பிக்கை குலைந்த கூட்டத்தைப் பற்றியே அவ்வழக்கில் பேச முடியாத நிலை இதனால் உருவாகிறது.

முறைகேடான நடத்தை இருந்தால் திரையை விலக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்பதை மறுக்கவில்லை. மிரட்டல், துன்புறுத்தல், அளவுமீறிய அழுத்தம் ஆகியவை முறைகேடு என்று நெறிமுறை வரிசைப்படுத்துகிறது. விசாரணை தொடங்குமுன்பே, "தொகையை ஏற்காவிட்டால் நீக்கப்படுவீர்" என்பது முறைகேடு. "ஏற்காவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை தொடங்கலாம்" என்று உள்ள நிலையைக் கூறுவது முறைகேடன்று. இரண்டுக்கும் இடையே இருப்பது சில சொற்களின் தூரம். தேர்ந்த மனிதவள அலுவலர் அத்தூரத்தை அறிவார். பயிற்சியும் சட்டத்துறையும் அவருக்குண்டு. எதிரே தனியே அமர்ந்திருப்பவருக்கு எழுத்துமில்லை, சாட்சியுமில்லை. எந்தச் சொல் சொல்லப்பட்டது என்று மெய்ப்பிக்கும் சுமையோ பெரும்பாலும் அவர்மீதே விழுகிறது.

சட்டம் சில வழக்குகளை இத்திரைக்கு வெளியே வைத்திருப்பது சரியானதே. பாகுபாடு, மகப்பேற்றைக் காரணமாக்கி நீக்குதல், தொழிற்சங்கப் பணிக்காக நீக்குதல், முறைகேட்டை வெளிப்படுத்தியதற்காக நீக்குதல் ஆகியவற்றில் அப்பேச்சை 111ஏ பிரிவு மறைக்காது. எனவே ஒரே மேசையில் சொல்லப்பட்ட ஒரே வாக்கியம், ஒரே ஊழியரின் பாகுபாட்டு வழக்குக்குச் சான்றாகும். உடன்நிகழும் நியாயமற்ற பணிநீக்க வழக்குக்குச் சான்றாகாது. கேட்டதைக் கேளாததாகக் கொண்டு ஒரே தீர்ப்பாயம் இரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. சட்ட வல்லுநர்க்கே சிக்கலான இவ்வேறுபாட்டை, வேலை பறிபோகும் அச்சத்தில் இருக்கும் கிடங்குத் தொழிலாளியோ பராமரிப்புப் பணியாளரோ எவ்வாறு அறிவார்?

இங்கே தமிழர் தம் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஈழத்திலிருந்து சென்று பிரிட்டனில் வேரூன்றியவர்களும், தமிழ்நாட்டிலிருந்து மென்பொருள், மருத்துவம், செவிலியம், முதியோர் பராமரிப்பு ஆகிய பணிகளுக்குச் சென்றவர்களும் அந்நாட்டில் கணிசமாக உள்ளனர். திறன்மிகு பணியாளர் விசாவில் இருப்பவருக்கு வேலை முடிந்தால், அச்செய்தி நிறுவனத்தால் உள்துறைக்குத் தெரிவிக்கப்படும். பொதுவாக 60 நாட்களுக்குள் அவர் வேறொரு நிறுவனத்தின் ஆதரவைப் பெற வேண்டும். இல்லையேல் வேறு வகை அனுமதி தேட வேண்டும் அல்லது குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் புறப்பட வேண்டும். பிள்ளைகளின் பள்ளி, வீட்டு வாடகை, ஊரிலிருக்கும் கடன் ஆகிய யாவும் அந்த 60 நாட்களில் அடங்கிக் கிடக்கின்றன. விலகும் நாளைச் சில வாரம் தள்ளிவைப்பது அவருக்குப் பணத்தினும் பெரிது. இதை அறிந்த முதலாளி மனிதநேயத்தோடு நாளை நீட்டித் தரவும் இயலும். அவ்வச்சத்தையே கருவியாக்கிக் குறைந்த தொகைக்குக் கையொப்பம் வாங்கவும் இயலும். இரண்டில் எது நடந்ததென்று மூடிய அறைக்கு வெளியே யாரும் அறியப்போவதில்லை.

மறைவு என்பதில் இரு வகை உண்டு; அவற்றைக் குழப்பலாகாது. பேச்சைச் சான்றாக்காமல் தடுப்பது ஒன்று. உடன்பாட்டில் வாய்ப்பூட்டு விதி சேர்த்து, நடந்த கொடுமையையே உலகறியாமல் தடுப்பது மற்றொன்று. முன்னதற்கு ஓரளவு நியாயம் உண்டு. பின்னது பல வேளைகளில் குற்றத்துக்குக் குடைபிடித்திருக்கிறது. ஹாலிவுட் படத் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீனிடம் லண்டனில் பணியாற்றிய ஜெல்டா பெர்கின்ஸ், சக ஊழியருக்கு நேர்ந்த கொடுமையை எதிர்த்து விலகி, 1998-இல் இத்தகைய விதியில் கையொப்பமிட வேண்டியதாயிற்று. 2017-இல் அதை மீறி வெளியே பேசினார். இடைப்பட்ட ஏறத்தாழ இருபதாண்டு மௌனத்துக்கு விலைகொடுத்தவர்கள் பிற பெண்கள். பொதுநலன் கருதி முறைகேட்டை வெளிப்படுத்துவதைத் தடுக்கும் ஒப்பந்த விதி செல்லாது என்று பிரிட்டன் சட்டம் முன்பே கூறியிருந்தது. பணியிடத் துன்புறுத்தலையும் பாகுபாட்டையும் பற்றிப் பேசவிடாத விதிகளைச் செல்லாததாக்கும் ஏற்பாடு 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றிருப்பது, அவர் போன்றோர் நடத்திய போராட்டத்தின் பயன். பின்னதைத் திருத்தத் துணிந்த நாடாளுமன்றம், முன்னதையும் மறுபார்வைக்கு உட்படுத்தத் தயங்கலாகாது.

தக்க தருணம் இதுவே. நியாயமற்ற பணிநீக்கத்தை எதிர்த்து வழக்கிட வேண்டிய ஈராண்டுத் தகுதிக்காலத்தை, 2027 ஜனவரி முதல் ஆறு மாதமாகக் குறைக்க அச்சட்டம் வகைசெய்கிறது. புதிதாக உரிமை பெறுவோர் பணியில் இளையோர். சேமிப்பும் செல்வாக்கும் குறைந்தோர். இழப்பீட்டு வரம்பும் நீங்குமானால், வழக்கைத் தவிர்க்க விழையும் நிறுவனங்கள் மூடிய அறையை முன்னினும் மிகுதியாக நாடும். உரிமையை ஒரு கையால் விரித்துக் கொடுத்துவிட்டு, அதைச் சில மணி நேரத்தில் விட்டுக்கொடுக்கச் செய்யும் வழியை மறு கையால் திறந்தே வைத்திருப்பது நல்லாட்சிக்கு அழகன்று.

ஆகவே நாம் வேண்டுவன இவை. முதலாவதாக, 10 நாள் அவகாசம் சட்டப் பிரிவாக வேண்டும். அது எழுத்து விதிகள் கைக்கு வந்த நாளிலிருந்தன்றி, வாய்மொழியாகவேனும் விலைச்சொல் முதன்முதல் எழுந்த நாளிலிருந்து எண்ணப்பட வேண்டும். இரண்டாவதாக, அந்த அறைக்குத் துணையோடு செல்லும் உரிமை, ஒழுங்கு விசாரணைக்கு இருப்பதுபோலவே சட்டத்தால் உறுதிப்பட வேண்டும். மூன்றாவதாக, சாராத ஆலோசகரின் செலவைப் பல முதலாளிகள் இன்று வழக்கத்தால் ஏற்கின்றனர். கையொப்பத்துக்கு மட்டுமன்றித் தொகை போதுமானதா என்று ஆராயவும் போதுமான அளவில் அதை ஏற்பது கடமையாக்கப்பட வேண்டும். நான்காவதாக, பேச்சு நடக்கும் நாட்களில் வழக்கிடும் காலவரம்பு ஓடாமல் நிற்க வேண்டும். நெடுங்காலம் மூன்று மாதமாக இருந்த அவ்வரம்பை ஆறு மாதமாக்கப் புதிய சட்டம் வழிசெய்திருப்பது நன்று. ஆயினும் ஏகாஸ் சமரச முயற்சிக்கு நிற்கும் கடிகாரம், முதலாளி தொடங்கிய பேச்சுக்கு நிற்பதில்லை. ஐந்தாவதாக, தொகையும் பேர விவரமும் மறைவாகவே இருக்கட்டும். ஆனால் அக்கூட்டம் நடந்தது, எந்நாளில் நடந்தது, யார் அழைத்தார் என்பவை தீர்ப்பாயத்துக்குத் தெரிய வேண்டும். விசாரணைக்கு முன்பே முடிவெடுக்கப்பட்டது என்ற ஐயம் வலுவாக எழும்போது, நீதிபதி தனியே அப்பேச்சின் குறிப்பைப் பார்வையிட அதிகாரம் வேண்டும். இரு தரப்பும் விரும்பினால் மறைவைத் துறக்கும் உரிமையும் திரும்ப வேண்டும்.

இவ்வாறு செய்தால் முதலாளிகள் பேசவே அஞ்சுவர் என்ற மறுப்பு எழும். அம்மறுப்பு வலுவற்றது. நேர்மையான தொகையை நேர்மையான முறையில் முன்வைக்கும் முதலாளிக்கு, ஊழியர் பத்து நாள் எண்ணிப் பார்ப்பதால் இழப்பு எதுவுமில்லை. அருகில் ஒரு சக ஊழியர் அமர்ந்திருப்பதால் குறைவும் இல்லை. அவகாசமும் துணையும் இருந்தால் நிற்க முடியாத உடன்பாடு, அவகாசமின்மையாலும் தனிமையாலும் மட்டுமே நிற்கிறது என்று பொருள். அத்தகைய உடன்பாட்டைக் காப்பது சட்டத்தின் வேலையன்று. ஆலோசனை பெற்று, தெளிந்த மனத்தோடு இடப்படும் கையொப்பமே பின்னாளில் வழக்காகாமல் நிலைக்கும் என்பதை நல்ல நிர்வாகங்கள் முன்பே அறிந்திருக்கின்றன.

சட்டம் திருந்தும்வரை தொழிலாளர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் பணிபுரியும் நம் மக்களுக்கு ஒரு சொல். திடீரென அழைக்கப்பட்டு விலைச்சொல் கேட்க நேர்ந்தால், அங்கேயே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாதீர்கள். எழுத்தில் தருமாறு கேளுங்கள், அவகாசம் கேளுங்கள். வெளியே வந்ததும் நாள், நேரம், உடனிருந்தோர், சொல்லப்பட்ட சொற்கள் ஆகியவற்றை நினைவு மங்குமுன் எழுதி வையுங்கள். தொழிற்சங்கம் இருந்தால் அன்றே அணுகுங்கள். இல்லையேல் ஏகாஸ் உதவித் தொலைபேசியையோ தொழிலாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞரையோ நாடுங்கள். விசாவில் இருப்போர் குடிவரவு ஆலோசனையையும் உடன் பெறுங்கள். வழக்கிடும் காலவரம்பு பேச்சுவார்த்தைக்காகக் காத்திராது என்பதை ஒருபோதும் மறவாதீர்கள்.

நாடாளுமன்றத்துக்கு நம் முடிபு இது. மறைவுக்குச் சட்டத்தில் இடம் கொடுத்தவர்கள், அவகாசத்துக்கும் துணைக்கும் அதே சட்டத்தில் அதே உயரத்தில் இடம் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். அதைச் செய்ய மனமில்லையெனில், 111ஏ பிரிவை நீக்கிவிடுவதே நேர்மை.